ஓடைக்கு இந்தப் பக்கம்

கட்டிய புருஷன் இடுப்பில் இலைதழையைச் சுற்றிக்கொண்டு, மூஞ்சியில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டு நின்றால் எந்தப் பெண்டாட்டிக்குத்தான் பொறுக்கும்? ராக்காயிக்குப் பொறுக்கவில்லை.

அவள் புருஷன் சன்னாசியோடு இன்னும் ஆறு பேர் அதே கோலத்தில் நின்றார்கள். எல்லாம் ரப்பர் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் குடியிருக்கும் ஆட்கள்தான். ஓடைக்கு இந்தப் பக்கம் மூங்கிலை நட்டு, அத்தாப்பு ஓலை வேய்ந்து இரண்டு குடிசை வேறு போட்டிருந்தார்கள்.

ஈப்போ ஹோட்டலில் தங்கும் வெள்ளைக்காரர்களுக்கு மலைக்காரர்களைப் பார்ப்பதில் ஓர் ஆசை. வரும்போது அவர்களுக்கென்று அரிசி, உப்பு, புகையிலை கொண்டுவருவார்கள். நிஜ மலைக்காரர்கள் ஓடை தாண்டி மேலே இருக்க, போன மாதம் அவ்வளவையும் வாங்கிக்கொண்டது இந்த வேஷக்காரர்கள்தான். இன்று மத்தியானம் மறுபடியும் ஆட்டம்.

"இல்லாதப்பட்ட ஜனங்க உப்பைப் பறிச்சுத் திங்கவா இந்த வேஷம்?" என்று கேட்டாள் ராக்காயி.

"நீ வீட்டுக்குப் போ. பேசாம இரு."

"ஏன்னாவது சொல்லு."

"உன்கிட்டச் சொன்னா பொழுது சாயறதுக்குள்ள லயம் பூரா தெரிஞ்சிரும்."

அதற்கு மேல் அவள் நிற்கவில்லை. மலைக்காரர் தலைவனையே கையோடு கூட்டிவந்து துரைமார் முன்னால் நிறுத்துவேன், நீ யாரு அவன் யாருன்னு அவங்களே பார்த்துக்கட்டும் என்று சொல்லிவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடையில் இறங்கினாள்.

ஏற்றம் கடுமையாக இருந்தது. காலில் ஏறிய அட்டைகளைப் பிடுங்கி எறிந்துகொண்டே நடந்தாள். திரும்பிப் போகலாம் என்று ஒரு தடவைகூட நினைக்கவில்லை.

மேலே பாதையின் குறுக்கே பிரம்பைக் கட்டி இலைக்கொத்துகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். அந்தப் பக்கம் மலைக்காரர் தலைவர் பா லாங் உட்கார்ந்திருந்தார். தோட்டத்துக்குப் பிரம்பு கொண்டுவரும்போது அவளுக்கும் பழக்கமானவர்தான். அவளைக் கண்டதும் எழுந்து, கையைக் காட்டித் தடுத்தார்.

"அங்கேயே நில்லு, சன்னாசி பெண்டாட்டி" என்றார் தனக்குத் தெரிந்த மலாய் மொழியில்.

அவள் வந்த காரியத்தைச் சொன்னாள். அவர் பின்னால் கையைக் காட்டினார். மரத்தடியில் சின்னச் சின்னதாய் ஐந்து மண்மேடுகள்.

முன்பு ஒரு தடவை வெள்ளைக்காரர்கள் இந்த ஊருக்கே ஏறி வந்தார்களாம். ஒரு துரைசானி பிள்ளைகளைத் தூக்கித் தூக்கிக் கொஞ்சினாளாம். அவளுக்கு இருமல். பத்து நாளில் ஊர் முழுக்க இருமல், காய்ச்சல். அதற்கப்புறம்தான் இந்தப் பிரம்பு.

"வரவேண்டாம்னு சொல்லியனுப்பினோம். ஹோட்டல்காரங்க கேக்கலை. உன் புருஷன்தான், நீங்க இறங்கிறாதீங்க, நான் பாத்துக்கிறேன்னான்" என்றார் பா லாங். போன மாதத்து அரிசியும் உப்பும் அப்படியே இந்தப் பிரம்பில் வந்து தொங்கின என்றும் சொன்னார்.

ராக்காயி அந்த மண்மேடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு வேகமாக இறங்கினாள்.

அவள் ஓடையைத் தாண்டும்போது ஆட்டம் நின்றுபோயிருந்தது. ஆடும்போது எறும்பு கடித்துச் சன்னாசி, "அய்யோ, அம்மா" என்று கத்திவிட்டானாம். துரைமாரோடு வந்த, ஹோட்டலில் கணக்கெழுதும் கிராணி தமிழர். அவர் சன்னாசியின் தோளைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. வேஷம் என்று தெரிந்தால் ஏழு பேருக்கும் வேலை போகும். வெள்ளைக்காரர்களும் ஓடை தாண்டி ஏறிவிடுவார்கள்.

கிராணி ராக்காயியைக் கூப்பிட்டார்.

"இந்தாம்மா, தோட்டத்து ஆளா நீ? இவன் யாருன்னு உண்மையைச் சொல்லு. துரை கேக்குறாரு."

சன்னாசி கண்ணை மூடிக்கொண்டான். காலையில் அவள் சபதம் போட்டுவிட்டுப் போனது அவனுக்குத் தெரியாதா?

ராக்காயி தாலிக் கயிற்றை முந்தானைக்குள் தள்ளிவிட்டு, அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"மலைக்காரனுங்க. எங்க வாயைப் பார்த்து ரெண்டு வார்த்தை கத்துக்கிட்டிருப்பான். மத்தபடி இந்த ஆளு யாருன்னே எனக்குத் தெரியாதுங்க."