ஆபத்துப் பட்டியலில் கணவன்

பெல்ஜியத்தில் ஆய்வாளராக இருந்த நறுமுகை, ஐரோப்பிய ஆய்வு நிதிக்காக ஒன்பது நாட்டுக் கூட்டாளிகளைச் சேர்த்து விண்ணப்பம் தயாரித்தாள். அதைத் திருத்தித் தரும் மென்பொருள், அவள் வீட்டுப் பேச்சை ஒரு மாதம் கேட்டுவிட்டு, விண்ணப்பத்தில் கட்டாயம் காட்டவேண்டிய, திட்டத்தைக் கெடுக்கக்கூடிய ஆபத்துகளின் பட்டியலில் முதலாவதாக அவள் கணவன் எழில்வேந்தனைப் போட்டது. தீர்வு: திட்டம் நடக்கும் நான்கு வருடமும் அவனைச் சொந்த ஊரான மதுரைக்கு அனுப்புதல்.

"நான் போனா எவ்வளவு மார்க் கூடும்?" என்றான் அவன்.

"அரை மார்க். போன தடவை அதுலதான் கோட்டை விட்டோம்."

நல்ல மனிதன். மறுபேச்சில்லாமல் பெட்டியைக் கட்டினான். விமான நிலையத்தில் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதான்.

ஆறு மாதத்தில் முடிவு வந்தது. நிராகரிப்பு. காரணம்: 'தலைமை ஆய்வாளருக்கு வீட்டில் ஆதரவாக யாரும் இல்லை.'

நறுமுகை உடனே மதுரைக்குப் போன் போட்டாள். "கிளம்பி வா, எழில்."

அவன் ஆசையாகக் கேட்டான். "உனக்கு என்னைத் தேடுதா?"

"அடுத்த விண்ணப்பத்துக்கு இருபது நாள்தான் இருக்கு."