சேட்டுவின் மோட்டார்

பெட்டியின் மூடியைக் கழற்றியதுமே தப்பு தேவராஜனின் கண்ணில் பட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

உள்ளே இருந்த ஐ.சி. சிப் வேறு கம்பெனி.

காவாந்தண்டலத்தில் கிணற்றை ஒட்டிய மோட்டார் கொட்டகை அது. வாசலில் நிலத்துக்காரர் சேட்டு நின்றார். அவருக்குப் பின்னால் நவரைப் பட்டத்து நெல், கதிர் பால் பிடிக்கிற சமயத்தில் தண்ணீரில்லாமல் இலை சுருண்டு நின்றது.

ஒரே மாதத்தில் மோட்டார் இரண்டு தடவை எரிந்துவிட்டது. முதல் தடவை உள்ளே கம்பிச் சுருளை மாற்றிக் கட்டக் கைக்காசு போயிற்று. இரண்டாவது தடவைக்கு ஏர் மாடு போயிற்று.

‘சனிக்கிழமைக்குள்ள மோட்டார் ஓடியாவணும்’ என்று காஞ்சிபுரத்துக்கு ஆள் அனுப்பியிருந்தார் சேட்டு. பயிர் போய்விடுமே என்று தேவராஜன் முதல் பஸ்ஸிலேயே வந்திருந்தான்.

மூன்று பேஸ் கரண்ட்டில் ஒன்று வராவிட்டால் மோட்டாரை ஓட விடக் கூடாது. ஓடினால் எரிந்துவிடும். அதைத் தடுக்கத்தான் அவனும் கூட்டாளி லோகநாதனும் சேர்ந்து இந்தப் பெட்டியைச் செய்தார்கள். கரண்ட்டைக் கவனிப்பது உள்ளே இருக்கும் அந்த ஒரு ஐ.சி.தான். இரண்டு கம்பெனிகள் அதை ஒரே நம்பரில் விற்றன. ஒன்று, பேஸ் எல்லாம் சரியாக இருந்தால் சிக்னல் கொடுக்கும். இன்னொன்று, பேஸ் போனால்தான் கொடுக்கும்.

எந்தக் கம்பெனி என்று பெட்டியின் மெமரியில் எழுதி அனுப்பினால் போதும் என்றான் தேவராஜன். கரண்ட் வரும்போதெல்லாம் பெட்டியே ஐ.சி.யைச் சோதித்துத் தெரிந்துகொள்ளட்டும் என்றான் லோகநாதன். எழுதி வைத்த பிறகு சந்தேகம் என்ன வேண்டிக் கிடக்கிறது என்று கேட்டு அவன் வாயை அடைத்தாயிற்று. அன்றைக்குப் பேசிய பேச்சு இருக்கிறதே, ஊரே கேட்டது.

போன மாதம் வோல்டேஜ் எகிறி ஐ.சி. போனபோது தேவராஜனே வந்து மாற்றினான். கரண்ட் இல்லாத நேரம். நம்பரைப் பார்த்தான், மாட்டினான், பஸ்ஸைப் பிடித்தான். மெமரியில் பழைய கம்பெனியே இருந்தது. பெட்டி அதை நம்பியது. மூன்று பேஸும் வந்தபோது மோட்டாரை நிறுத்தி வைத்தது, ஒன்று போனபோது ஓட விட்டது. எரியாமல் என்ன செய்யும்?

தேவராஜன் எழுந்து பையைத் துழாவினான்.

பழைய கம்பெனி ஐ.சி. ஒன்று பையில் கிடந்தது. அதை மாட்டிவிட்டுப் பட்டனை அழுத்தினான்.

மோட்டார் பிடித்துக்கொண்டது. குழாய் இரண்டு முறை இருமிவிட்டுத் தண்ணீரைக் கொட்டியது. ஒரு பியூஸைப் பிடுங்கிப் பார்த்தான். டக்கென்று நின்றது. திரும்பச் செருகிப் பட்டனைத் தட்டினான். ஓடியது.

தேவராஜனுக்கு அழுகையே வந்துவிட்டது.

“மடையைத் தெறந்து வுடுங்கண்ணே. இன்னைக்குத் தண்ணி பாஞ்சா பயிரு பொழைச்சிக்கும்.”

சேட்டு நகரவில்லை. ரோட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். குழாயடித் தொட்டி நிறைந்து, தண்ணீர் வழிந்து கிணற்றுக்கே திரும்பி விழுந்தது.

“ஓடிக்கினு இருக்கட்டும் சார். செங்கல் சூளைக்காரங்க வந்துகினு கீறாங்க. தண்ணி வர்றதைக் கண்ணால பாத்தாத்தான் நெலத்தைக் கெரயம் பண்ணுவாங்களாம்.”

தேவராஜனுக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. விளங்கியதும் சுவரில் சாய்த்திருந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தானே மடையை நோக்கி நடந்தான்.

சேட்டு அவன் கையைப் பிடித்தார். பிடியில் பலமே இல்லை.

“பொழைச்சிக்கும் சார், எனக்குத் தெரியாதா? நெலம் ஈரமா கீதுன்னா சூளைக்கு மண்ணு வெட்ட வராதாம்.”