விட்டுப்போன கட்டம்

கர்ர்ர்... டொக்.

மாடி நடையில் அதே சத்தம். மணி பதினொன்று இருபது. அவள் புள்ளியியல் புத்தகத்தை மூடவில்லை, மூச்சைத்தான் அடக்கிக்கொண்டாள். உள்ளறையில் அவள் பக்கத்தில் ஏழு மாதக் குழந்தை வாயைத் திறந்தபடி தூங்கியது.

கணவனுக்கு இரவு ஷிப்ட். போகும்போது கதவை இழுத்துவிட்டுப் போவான், அது தானாகப் பூட்டிக்கொள்ளும். ஷிப்ட் நாளில் அவள் தாழ்ப்பாள் போடுவதில்லை. போட்டால் காலை ஐந்து மணிக்கு அவன் பெல் அடிக்க வேண்டும். குழந்தை விழித்தால் அன்றைய படிப்பு அம்பேல்.

எழுந்துபோய்ப் பார்க்கத் தைரியம் வரவில்லை. நோட்டை எடுத்துக் குறித்துக்கொள்ளத் தைரியம் இருந்தது. கான்வென்ட்டில் படித்தவள்; ஸ்கேல் வைத்துக் கோடு போடாமல் அவளுக்குப் பயப்படக்கூட வராது.

காலையில் கணவன் ஷூவைக் கழற்றும்போதே ஆரம்பித்தாள்.

"எதிர் வீட்டு டிரைவர்தாங்க. இந்த மாடியில இருக்கறதே ரெண்டு வீடு."

"நான் வர்றப்போ அங்க ஈ காக்கா இல்லையே."

"நீங்க இல்லாதப்போதான் சத்தம் வருது."

"பயமா இருந்தா உங்கம்மா வீட்டுக்குக் கிளம்பு. பரீட்சையை அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்."

"அடுத்த வருஷம் கிடையாது. இதே பேப்பர்ல ரெண்டு தடவை கோட்டை விட்டாச்சு. நாளைக்கு விட்டா டிகிரியே இல்ல."

"அப்போ காதுல பஞ்சை வெச்சுக்கிட்டுப் படி" என்று போர்த்திக்கொண்டு படுத்துவிட்டான்.

அவள் நோட்டைப் பிரித்தாள். பதினாலு இரவுகள். கணவனுக்கு ஷிப்ட் இருந்தது ஒன்பது நாள். சத்தம் கேட்டதும் சரியாக அதே ஒன்பது நாள். அவன் வீட்டில் இருந்த ஐந்து நாளும் ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை.

இது தற்செயலா? படித்த பாடம் கையில் இருக்கிறது. போட்டுப் பார்த்தாள். இப்படித் தற்செயலாக அமைய இரண்டாயிரத்து இரண்டில் ஒரே ஒரு வாய்ப்பு.

புத்தகத்தில் அதற்கு அடுத்த பாடம், 'கண்ணில் படாத மூன்றாவது காரணம்'. பரீட்சைக்கு வராது என்று தோழி சொன்னதால் அதைத் தாண்டிவிட்டிருந்தாள்.

கீழ் வீட்டில் வீட்டுக்காரம்மா, நோட்டிலிருந்து கிழித்த அந்தத் தாளைத் தள்ளிப் பிடித்துப் படித்தாள்.

"ரெண்டாயிரத்து ரெண்டு ராத்திரியா வர்றான்?"

"இல்லைங்க, பதினாலு ராத்திரியில ஒன்பது."

"அதுவே ஜாஸ்தி. எனக்கு அப்பவே தெரியும்மா. கண்ணைப் பார்த்தியா, கோவைப்பழமா சிவந்து கிடக்கு. ராத்திரி பூராக் குடிக்கிற கண்ணு அது. வா, இன்னிக்கே காலி பண்ணச் சொல்றேன்."

மத்தியான வண்டிக்குக் கிளம்ப, டிரைவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்து கதவைத் திறந்தார். தாளை வாங்கினார். அபராதச் சீட்டைப் படிப்பதுபோல் மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தார்.

"கணக்கு சரிதாம்மா. ஒன்பது நாளும் நான்தான்."

"பார்த்தியா, ஒத்துக்கிட்டான்" என்றாள் வீட்டுக்காரம்மா.

"ஆனா ஒரு கட்டம் விட்டுப்போச்சு."

சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். தாளைச் சுவரில் வைத்து ஓரமாக ஒரு கோடு இழுத்தார். ஸ்கேல் இல்லாத கோடு, பாம்பாக நெளிந்தது. தலைப்பில் 'தாழ்ப்பாள்' என்று எழுதினார். சத்தம் கேட்ட ஒன்பது நாளுக்கு நேராக ஒன்பது பெருக்கல் குறி. மிச்ச ஐந்துக்கு ஐந்து டிக்.

"இழுத்தாலே பூட்டிக்கிற கதவாச்சே அது" என்றாள் அவள்.

"பூட்டு தேஞ்சு போச்சும்மா. காத்தடிச்சா திறந்துக்குது. நான் வண்டிய விட்டுட்டு வர்றப்போ கதவு பப்பரப்பான்னு கிடக்கும். சாத்தினாலும் நிக்கல. தட்டலாம்னா உள்ள பச்சப்புள்ள தூங்குது. அதான் நாற்காலிய இழுத்துப் போட்டு, கதவைச் சாத்திட்டு, அதைப் பார்த்தாப்புல உக்காந்துக்குவேன். திறக்கத் திறக்கச் சாத்துவேன். உங்க வீட்டுக்காரர் பைக் சத்தம் கீழ கேட்டதும் எழுந்து உள்ள போயிடுவேன்."

"இதைப் பகல்ல சொல்றதுக்கென்ன?" வீட்டுக்காரம்மா விடவில்லை.

"பகல்ல என்னைக் கண்டா படார்னு சாத்திக்கிறாங்களே. ராத்திரிதான் திறந்து கிடக்குது."

வீட்டுக்காரம்மா அவர் கண்ணை இன்னொரு தரம் பார்த்தாள்.

"நான் அப்பவே நினைச்சேன், தூக்கம் கெட்ட கண்ணுன்னு" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கிப் போனாள்.

அவள் அந்தப் பெருக்கல் குறிகளை ஒருமுறை எண்ணிப் பார்த்தாள்.

"அண்ணா... மன்னிச்சிடுங்க."

"பரீட்சை எப்போ?"

"நாளைக்கு."

"அப்போ போய்ப் படிங்க" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

அன்றும் கணவனுக்கு ஷிப்ட். அவன் போனதும் எழுந்துபோய்த் தாழ்ப்பாளைப் போட்டாள். காலையில் பெல் அடிக்கட்டும், குழந்தை விழிக்கட்டும். விட்டுப்போன பாடத்தை எடுத்து முதல் வரியிலிருந்து படித்தாள்.

பதினொன்று இருபது. படியேறும் காலடிச் சத்தம் அவள் கதவுக்கு முன்னால் நின்றது. யாரோ கதவை மெல்லத் தள்ளிப் பார்த்தார்கள். அது அசையவில்லை.

நாற்காலி இழுபடவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, எதிர் வீட்டுக் கதவு உள்ளிருந்து தாழிடப்படும் சத்தம் கேட்டது.