லேஸ் சார் வைத்த பாக்கி

"கையெழுத்துப் போட முடியாது சார். உங்க பேர்ல ஒண்ணு பாக்கி இருக்கு."

நூலகர் சாவகாசமாகக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

கல்லூரியின் விளையாட்டுத் துறை இயக்குநருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இன்றோடு ஓய்வு பெறுகிறார். பந்து, வலை, ஈட்டி, கிடங்குச் சாவி எல்லாம் ஒப்படைத்தாகிவிட்டது. 'பாக்கி இல்லை' என்று எல்லாத் துறைகளும் கையெழுத்துப் போட்டுவிட்டன. நூலகம் மட்டும்தான் மிச்சம்.

"உங்ககிட்ட நான் எடுத்ததே ஒரே புத்தகம். கைப்பந்து விதிமுறை. அதையும் மறுநாளே கொடுத்துட்டேன்."

"புத்தகம் இல்லை சார்."

"பின்னே?"

"சாயங்காலம் ஓட்டப்பந்தயம் முடியட்டும், சொல்றேன்."

"அபராதம் எவ்வளவுன்னு சொல்லுங்க, கட்டித் தொலைக்கிறேன்."

"கட்டித் தீர்ற பாக்கி இல்லை. எடுத்ததே திரும்பி வரணும்."

'இத்தனை வருஷம் பழகிட்டு, கடைசி நாள்ல கழுத்தை அறுக்கிறாரே மனுஷன்' என்று முணுமுணுத்தபடி மைதானத்துக்கு வந்தால், அங்கே அதைவிடப் பெரிய தலைவலி காத்திருந்தது. மனைவி. முன்வரிசையில் புதுச் சம்பந்தியம்மா.

மனைவி அவரைத் தனியே இழுத்துப்போய் ஒரு பெட்டியைத் திறந்தார்.

"புது ஷூ. மாட்டுங்க."

"லேஸ் எங்கே?"

"லேஸே கிடையாது. அதுக்காகத்தானே கடை கடையா ஏறி வாங்கினேன்!"

விஷயம் இதுதான். ஆண்டு விளையாட்டு விழாவில் ஆசிரியர்களுக்கும் அலுவலர்களுக்கும் சேர்த்து ஒரு ஓட்டப்பந்தயம் உண்டு. அதில் இயக்குநர் கடைசி. ஒவ்வொரு வருஷமும் கடைசி. பாதி வழியில் நின்று, குனிந்து, ஷூ லேஸைக் கட்டுவார். அதற்குள் எல்லோரும் அவரைத் தாண்டிப் போய்விடுவார்கள். அவர் பழக்கிய பிள்ளைகள் வாங்கி வந்த கோப்பைகளை வைக்கக் கல்லூரியில் அலமாரி போதவில்லை. அவருக்கு மட்டும் 'லேஸ் சார்' என்று பெயர்.

"முதல்ல வாங்கன்னு நான் சொல்லலை," என்றார் மனைவி. "கடைசியா மட்டும் வந்துடாதீங்க. சம்பந்தியம்மா ஒரு காலத்துல ஓடி மெடல் வாங்கினவங்க. நம்ம பொண்ணு அந்த வீட்ல தலைநிமிர்ந்து நிக்க வேணாமா?"

"சரி, சரி."

"என் தலையில கை வச்சுச் சொல்லுங்க."

வைத்தார்.

விசில் ஊதியதும் ஓட்டம் தொடங்கியது. மைக் பொருளாதாரப் பேராசிரியர் கையில்.

"லேஸ் சார் முதலிடம்! எல்லோரும் ஒருமுறை கையைக் கிள்ளிப் பார்த்துக்கொள்ளுங்கள்! காற்றாய்ப் பறக்கிறார்! இந்தக் காலை இத்தனை நாள் எங்கே ஒளித்துவைத்திருந்தார்?"

மனைவி நாற்காலிமேல் ஏறி நின்றுவிட்டார். "சம்பந்தியம்மா, பாருங்க, பாருங்க! முன்னாடி போறது எங்க வீட்டுக்காரர்!"

எல்லைக் கோட்டுக்குச் சற்று முன்னால் இயக்குநர் திரும்பிப் பார்த்தார்.

எல்லோரும் ஒரு கும்பலாக ஓடிவந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு வெகுதூரம் பின்னால், தன்னந்தனியாக நூலகர். சிறு வயதிலிருந்தே அவருக்கு ஒரு கால் கட்டை. அடிக்கு அடி ஒரு தோள் இறங்கி ஏறும்.

இயக்குநர் நின்றார். குனிந்தார். இரண்டு கைகளும் ஷூவுக்குப் போயின.

மைதானம் வெடித்தது.

"வழக்கம்போல் சார் லேஸ் கட்டுகிறார்! ஆனால்... ஐயையோ, ஷூவில் லேஸையே காணோமே! இல்லாத லேஸுக்கு இரட்டை முடிச்சு!"

முதல்வர் தாண்டினார். கணக்காளர் தாண்டினார். வேதியியல்காரர்கள் கைகோத்துக்கொண்டே தாண்டினார்கள்.

"நானே மைக்கை வைத்துவிட்டு ஓடியிருக்கலாம் போலிருக்கிறதே!"

மனைவி நாற்காலியிலிருந்து இறங்கி முகத்தைப் பொத்திக்கொண்டார். "தலையில கை வச்சுட்டுப் போனாரே, பாவி மனுஷன்!"

நூலகர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்.

"போங்க, போங்க," என்றார் இயக்குநர், நிமிராமலே. "முடிச்சு இறுகிடுச்சு."

நூலகர் போகவில்லை. பக்கத்தில் அவரும் குனிந்தார். அவர் காலில் இருந்தது ரப்பர் செருப்பு.

"செருப்புக்கும் லேஸா!" என்று மைக் அலறியது.

"என்ன சார் பண்றீங்க? முன்னாடி போங்க!"

"நீங்க போங்க."

"ஐயா, நீங்க போங்கன்னா!"

"உங்களுக்குக் கையெழுத்து வேணுமா, வேணாமா?"

"அதுக்கும் இதுக்கும் என்ன..."

"வேணும்னா ஓடுங்க!"

இயக்குநர் ஒன்றும் புரியாமல் ஓடிப்போய்க் கோட்டைத் தாண்டினார்.

"பார்த்தீங்களா சம்பந்தியம்மா! கடைசி இல்லை! கடைசிக்கு முந்தி!" மனைவி குதித்தார்.

சம்பந்தியம்மா எழுந்து நின்று கைதட்ட ஆரம்பித்தார். பிறகு மைதானமே தட்டியது.

அந்தக் கைதட்டலுக்கு நடுவே, தோள் இறங்கி ஏற, இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு, கோப்பை வென்றவர்போல நூலகர் கோட்டைத் தாண்டினார். நேராக இயக்குநரிடம் வந்தார்.

"எங்கே அந்தத் தாள்? எடுங்க. குனிங்க."

இயக்குநரின் முதுகில் தாளை வைத்துப் பேனாவைத் திறந்தார்.

"இப்பவாவது சொல்லுங்க. என்னதான் பாக்கி?"

"கடைசி இடம் சார்," என்றார் நூலகர், கையெழுத்தைப் போட்டபடி. "முதல் வருஷம் அது என்னோடதா இருந்துச்சு. பசங்க சிரிச்சாங்க. அடுத்த வருஷமே நீங்க எடுத்துட்டுப் போயிட்டீங்க. இன்னைக்குத்தான் திருப்பிக் கொடுத்திருக்கீங்க."