சாராயக்கடைக்காரர் வீட்டுச் சம்பந்தம்

"கச்மாரெக்னா என்ன அர்த்தம்னு தெரியுமா உனக்கு? சாராயக்கடைக்காரன் பையன்."

நஞ்சுண்டன் அச்சடித்த காகிதத்தைச் சமையல் மேடையில் வைத்தார். பஜ்ஜி மாவு கரைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி சாந்தாமணி நிமிரவில்லை.

"கையெல்லாம் மாவுங்க. நீங்களே படிங்க."

"போலந்துல அந்தக் காலத்துல வழிப்போக்கருக்குக் குடிக்க ஊத்திக் குடுத்து, படுக்க இடமும் குடுக்கற கடை இருந்திருக்கு. அதை நடத்துனவனோட வாரிசுக்கு இந்தப் பேரு. ஏதோ ஒண்ணு ரெண்டு பேருன்னு நினைக்காத. அங்க அறுபதாயிரம் பேருக்கு இதே பேரு."

"அறுபதாயிரம் பேருமா இன்னும் ஊத்திட்டு இருக்காங்க?"

நஞ்சுண்டன் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அமெரிக்காவுக்கு, இந்தப் பார்சிப்பனி ஊருக்கு வந்து இருபத்தாறு வருடங்களில் ஒரு சொட்டு மது தொட்டதில்லை அவர். ஆபீஸ் பார்ட்டியில் ஆரஞ்சு ஜூஸைக்கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். அப்படிப்பட்டவருடைய மகள் ரோஷினிக்கு ஆடம் கச்மாரெக்கைப் பிடித்திருந்தது. மூன்று மணிக்கு அவன் தன் அப்பா அம்மாவோடு வருகிறான். "நீங்க ஓகே சொன்னாத்தான்பா கல்யாணம்" என்று ரோஷினி சொல்லியிருந்தாள். அதுதான் அவர் தலையில் பாரமாக உட்கார்ந்திருந்தது.

"அப்பா, ஆடமோட டாட் ஹைஸ்கூல்ல மேத்ஸ் டீச்சர்" என்று மாடிப்படியில் இறங்கிக்கொண்டே சொன்னாள் ரோஷினி. "பார் எல்லாம் நடத்தல."

"நடத்தலன்னா சரி. குடிப்பாரா?"

"நான் கேட்டதில்லப்பா. ஹவ் கேன் ஐ ஆஸ்க்?"

"போன மாசம் கேரட் அல்வா கிண்டி எடுத்துட்டுப் போனியே கண்ணு, சாப்பிட்டாரா?"

ரோஷினி கொஞ்சம் யோசித்தாள். "இல்ல. அவர் அப்புறம் சாப்பிடறேன்னார். ஆன்ட்டியும் தொடல. டயட்னு நினைக்கறேன்."

"குடிக்கறவங்களுக்கு இனிப்பு எறங்காது."

"ஒரு பேரை வெச்சு ஃபேமிலியையே ஜட்ஜ் பண்றீங்கப்பா."

"குடும்பப் பேருன்னா குடும்பத்தோட யோக்யதை அதுல இருக்கும் கண்ணு. நமக்குத்தான் குடும்பப் பேருங்கற வம்பே இல்ல."

"எப்படி இருக்கும்? எனக்கும் உங்க பேரு, அவளுக்கும் உங்க பேரு" என்றார் சாந்தாமணி. "ஏர்போர்ட்டுல கூப்பிட்டா மூணு பேரும் எந்திரிக்கறோம்."

மூன்று அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போதே அழைப்பு மணி அடித்தது.

திரு. கச்மாரெக் கோட்டும் டையுமாக வந்திருந்தார். அவர் மனைவி கரோல் பூங்கொத்து நீட்டினார். ஆடம் வந்ததும் வராததுமாக பஜ்ஜியில் கை வைத்தான். கரோல் மகனுடைய முகத்தையே கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தார். அவன் மூன்றாவது பஜ்ஜிக்குப் போனபோது அவர் மூச்சு கொஞ்சம் சீரானது போலிருந்தது.

கணவனும் மனைவியும் மட்டும் எதையும் தொடவில்லை. பனி நிற்காததைப் பற்றிப் பேசினார்கள். ஹைவேயில் டிராஃபிக்கைப் பற்றிப் பேசினார்கள். திரு. கச்மாரெக் கையிலிருந்த டம்ளருக்குள் அடிக்கடி எட்டிப் பார்த்துக்கொண்டார். காபியில் ஆடை படிந்தது.

"பாத்தியா? எறங்கல" என்று நஞ்சுண்டன் மனைவியின் காதில் சொன்னார். "மூணு மணிக்கே வேற கேக்குது."

"சும்மா இருங்க."

அவரால் சும்மா இருக்க முடியவில்லை. சட்டைப் பையிலிருந்த காகிதத்தை எடுத்து மேஜை மேல் விரித்தார். ரோஷினி கண்களை மூடிக்கொண்டாள்.

"தப்பா நினைக்காதீங்க சார்" என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். "உங்க பேருக்கு இப்படி அர்த்தம் போட்டிருக்கு. எங்க வீட்டுல யாரும் குடிக்கறதில்ல. அதான் கேக்கறேன்."

திரு. கச்மாரெக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"சரியாகத்தான் போட்டிருக்கிறது. என் தாத்தாவுக்குத் தாத்தா கடை வைத்திருந்தாரோ என்னவோ. நான் பீர்கூடக் குடிப்பதில்லை. கிறிஸ்துமஸுக்கு என் அண்ணன் ஒயின் வாங்கி வந்தால் எங்கள் வீட்டில் தக்கையைப் பிடுங்கும் திருகிகூடக் கிடையாது."

நஞ்சுண்டன் முகம் அப்படியே மலர்ந்தது. ரோஷினி மெல்லக் கண்களைத் திறந்தாள்.

"அப்புறமென்ன சார், ஜூன் மாசமே கல்யாணத்தை வெச்சுக்கலாம். சாந்தா, காபியைச் சூடு பண்ணிக் கொண்டா. சம்பந்தி குடிக்கவே இல்ல பாரு."

திரு. கச்மாரெக் மனைவியைப் பார்த்தார். கரோல் 'கேளுங்கள்' என்பதுபோலத் தலையசைத்தார்.

"நீங்களும் தப்பாக நினைக்கக் கூடாது" என்று தயங்கிச் சொல்லி, அவரும் கோட்டுப் பையிலிருந்து நான்காய் மடித்த காகிதமொன்றை எடுத்தார். "பெயருக்கு அர்த்தம் தேடும் பழக்கம் எனக்கும் உண்டு. ரோஷினியின் குடும்பப் பெயரைத் தேடிப் பார்த்தேன்."

காகிதத்தில் 'நஞ்சுண்டன்' என்ற பெயருக்கு எதிரே, 'விஷம் சாப்பிட்டவர்' என்ற இரண்டு சொற்களுக்குக் கீழே சிவப்பு மையில் கோடு போட்டிருந்தது.

"எந்தத் தலைமுறையோடு இதை நிறுத்தினீர்கள் என்று மட்டும் சொல்லிவிட்டால்" என்றார் திரு. கச்மாரெக், டம்ளரை மெல்ல உயர்த்தியபடி, "நானும் காபியைக் குடித்துவிடுவேன்."