எட்டையே காட்டும் கணினி

பாடகர் குழுவின் காணொளியை லோசலினி அன்று மாலைக்குள் சுவா நகரத் தேவாலயத்துக்கு அனுப்ப வேண்டும். பதினாறு ஜிபி ராம் என்று வாங்கிய கணினியோ எட்டையே காட்டித் திணறியது. சித்தி மகன் வைசாலேயைத் தொலைபேசியில் அழைத்தாள்.

“ராமைக் கழட்டித் துடைச்சு, ‘டக்’னு சத்தம் வர்ற வரைக்கும் அழுத்துக்கா.”

“அழுத்தியாச்சு. எட்டுதான்.”

“பக்கத்து ஸ்லாட்ல மாத்திப் போடு.”

“போட்டாச்சுடா. எட்டுதான்.”

“அப்ப மதர்போர்டு போச்சு. புதுசுதான் வாங்கணும்.”

“உன் கணினி எவ்வளவு காட்டுது?”

“பதினாறு. போன மாசத்துலேர்ந்து பறக்குது.”

“பறக்காதா பின்னே? ‘கெரெகெரெ’ன்னு வந்து நின்னு, என் கணினியிலேர்ந்து ஒரு ராமைக் கழட்டிட்டுப் போனியே. சொந்தக்காரன் அப்படிச் சொல்லிக் கேட்டா மறுக்கக் கூடாதுங்கறது நம்ம ஊர் வழக்கம்னு குடுத்தேன். இப்ப நான் கேக்கறேன், கெரெகெரெ.”

வைசாலே தன் கணினியைத் திறக்கத் திருப்புளியைத் தேடினான்.