பொய்க் கடல்

"அலை இன்னும் கொஞ்சம் கீழ இறங்கட்டும்ணே" என்றாள் அந்தப் பெண். ஸ்டூடியோக்காரர் கயிற்றைத் தளர்த்தினார். கடல் வரைந்த படுதா தரைவரை இறங்கியது. அதன் முன்னால் இரண்டு வாளி மணலையும் கொட்டிப் பரப்பினார்.

இந்தத் தொழிலில் அவர் பார்க்காத பொய்யா? பெண் பார்க்க அனுப்ப வேண்டிய படத்தில் வழுக்கைத் தலைக்கு முடி முளைக்க வைத்த மனுஷன் அவர். ஆனால் கடலுக்கே போகாமல், போனதாக லீவு போட்டோ கேட்டு வந்தவள் இவள்தான்.

"எங்கப்பாவுக்கு நாளைக்கு இதய ஆபரேஷன். வருஷா வருஷம் லீவுல பேரன் பேத்திய கடற்கரையில நிக்க வெச்சு ஒரு படம் எடுத்து அவருக்கு அனுப்புவோம். இந்த வருஷப் படம் வந்தாத்தான் கையெழுத்துப் போடுவேன்னு ஆஸ்பத்திரியில அடம்பிடிக்கிறாரு. சாயங்காலத்துக்குள்ள போடலேன்னா அவ்வளவுதான்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"இந்தத் தடவை போகலேன்னு சொல்லிட வேண்டியதுதானேம்மா? உயிரா போயிடும்?"

"போயிடும்ணே."

சிரிக்க வாய் திறந்த ஸ்டூடியோக்காரர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு விளக்கைத் திருப்பப் போய்விட்டார்.

பையனுக்கு ஏழு வயதிருக்கும், பாப்பாவுக்கு ஐந்து. உள்ளே வந்ததிலிருந்து இரண்டும் வாய் திறக்கவில்லை. எப்பேர்ப்பட்ட அழுமூஞ்சியையும் சிரிக்க வைப்பவர் என்று பெயர் வாங்கியவருக்கு இது பொறுக்குமா? பூனை போலக் கத்திப் பார்த்தார், மூக்குக் கண்ணாடியைத் தலைகீழாக மாட்டிப் பார்த்தார். பாப்பா கையால் வாயைப் பொத்திக்கொண்டு அவளைப் பார்த்தது. அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"சரி, ரெண்டு பேரும் என்னைப் பாருங்க!"

"இல்லண்ணே. அவங்க கடலைப் பார்க்கட்டும்."

"நல்லா இருக்கே! தாத்தாவுக்கு முதுகையா காட்டுவீங்க?"

"முதுகு போதும். போன வருஷமும் இப்படித்தான்." கைபேசியில் இருந்த பழைய படத்தைக் காட்டினாள். நிஜக் கடலைப் பார்த்தபடி இரண்டு பிள்ளைகள், அண்ணன் கை தங்கையின் தோளில். அதைப் பார்த்துப் பார்த்துப் பையனின் கையைத் தூக்கி வைத்தாள், தலையை ஒரு விரலால் சாய்த்தாள். படுதாவின் பக்கம் மட்டும் அவள் கண் போகவே இல்லை.

புழுக்கமாக இருக்கிறதே என்று ஸ்டூடியோக்காரர் மின்விசிறி சுவிட்சைத் தட்டினார். படுதா உப்பி, அலை பிள்ளைகளின் மேல் சாய்ந்தது.

"போகாதீங்க! பின்னாடி வாங்க!" அலறிக்கொண்டே பாய்ந்து, இரண்டு பேரையும் மணலோடு இழுத்துக் கட்டிக்கொண்டாள். ஸ்டூடியோக்காரருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

"ஐயோ, வெறும் துணிம்மா அது!" என்று சொல்லி விசிறியை நிறுத்தினார். அவள் மூச்சு அடங்க வெகுநேரம் ஆயிற்று.

அதன்பிறகு ஒரே கிளிக். படம் அச்சாகி வந்ததும் பழைய படத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது.

"எதுக்கும்மா அழறீங்க? இதைப் பார்த்ததும் பெரியவர் கையெழுத்துப் போட்டுடுவாரு, பாருங்க. தங்கமான பிள்ளைங்க, சொன்ன பேச்சு கேக்குதுங்க."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இனிமே பேசலாம்டா கண்ணு" என்றாள்.

பையன் ஆவலாக அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"ஆன்ட்டி, செத்துப்போன உங்க பையன் மாதிரியே நின்னேனா?"